எங்க சட்டையில் ஒன்பது நிமிஷம்

நான் நின்னுக்கிட்டே பேசறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க விசாரணை அறை நாற்காலி நல்ல நாற்காலிதான். எனக்குத்தான் ஒரு இடத்துல உட்கார்ந்தா இருப்பு கொள்ளாது. முப்பது வருஷமா அடுத்தவங்க காலைப் பிடிச்சே பொழப்பு நடத்தினவன், என் கால் சும்மா இருக்க மாட்டேங்குது.

தேசிய கால்பந்து அணிக்கு நான் பிசியோ. சுருளி என் தங்கச்சி மகன். முடியைப் பார்த்து வச்ச பேரு, அந்த முடி அவன் அப்பா வழி. அவர் வேற நாட்டுக்காரர். இங்கே வேலைக்கு வந்து என் தங்கச்சியைக் கட்டினார், பையனுக்கு ஆறு வயசுல பிரிஞ்சு திரும்பிப் போயிட்டார். கெட்டவர்னு வாய் கூசாம சொல்ல என்னால முடியாது. வாரம் தவறாம போன் பண்ணுவார். அவர் பாஷையில ஏதோ சொல்வார், இவன் அதே பாஷையில விழுந்து விழுந்து சிரிப்பான். பக்கத்து அறையில இருக்கற எனக்கு ஒரு எழவும் புரியாது.

தங்கச்சி பஸ் ஓட்டுறா, விடியறதுக்குள்ள கிளம்பிடுவா. அவனுக்குச் சோறு போட்டது, பூட்ஸ் வாங்கினது, மைதானத்துக்குக் கூட்டிட்டு அலைஞ்சது எல்லாம் நான். சொல்லிக்காட்டறேன்னு நினைக்காதீங்க. எனக்குக் குழந்தை குட்டி கிடையாது, அவ்வளவுதான். கோல் போட்டா அவனை ‘நம்ம பையன்’னு தூக்கி வச்சு ஆடற கூட்டம், ஒண்ணைத் தவற விட்டா ‘ரெண்டுங்கெட்டான்’னு கத்தும். அவன் காதுலயே வாங்கிக்க மாட்டான். எனக்குத்தான் வயிறு எரியும்.

இருபத்திமூணு வயசுல ரெண்டு நாடும் கூப்பிட்டுச்சு. விதி உங்களுக்கே தெரியும். அந்த வயசுல ஒரு நாட்டுக்காகத் தகுதிச் சுற்றுல ஒரே ஒரு நிமிஷம் இறங்கினாலும் போதும், இன்னொரு நாட்டுக் கதவு சாத்திக்கும். எங்க முகாமுக்கு வந்தான், ஆனா மனசு ஒரு நிலையில இல்லை. வலது முட்டிக்குக் கீழே வலின்னான். ஸ்கேனுக்கு அனுப்பினேன். போறப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான்:

“கால் சரியா இருந்தா இங்கேயே ஆடறேன் மாமா. இல்லைன்னா அப்பா பக்கம் போயிடறேன். எனக்கு முடிவெடுக்கத் தெரியல, கால் முடிவு பண்ணட்டும்.”

ஸ்கேன் அறிக்கை எனக்குத்தான் வந்தது. எலும்புல முடி கனத்துக்கு ஒரு விரிசல். ஆறு வாரம் ஓடாம இருந்தா தானா கூடிடும். எங்க தகுதிச் சுற்று ஆட்டம் அந்த வாரமே, அவன் அப்பா நாட்டுக்கு ஏழாவது வாரம்.

பயிற்சியாளர் கேட்டார், சதைப்பிடிப்புன்னு சொன்னேன். அவன் கேட்டான், “ஒண்ணுமில்லைடா, கல்லு மாதிரி இருக்கு”ன்னேன். கட்டிப்பிடிச்சுக்கிட்டான். வலி மாத்திரை ரெண்டு கொடுத்து, டேப் சுத்தி அனுப்பினேன்.

எண்பத்தோராவது நிமிஷம் இறக்கினாங்க. எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வச்சதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு நிமிஷம் ஆனதும் வெளியே எடுக்கச் சொல்றதாத்தான் இருந்தேன். ஆனா அழகா ஆடிக்கிட்டு இருந்தான், பார்க்க ஆசையா இருந்துச்சு, விட்டுட்டேன். தொண்ணூறாவது நிமிஷம். யாரும் இடிக்கல. பந்தோட திரும்பினான், எலும்பு முட்டி வரைக்கும் பிளந்துடுச்சு.

அறிக்கையை மறைச்சேனான்னு கேட்டீங்க. ஆமா, மறைச்சேன். உங்க காகிதத்துல இருக்கறது அவ்வளவுதான். நீங்க கேட்காதது ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

ஆபரேஷன் பண்ணின டாக்டர் நம்பிக்கையாத்தான் பேசினார். ஒரு வருஷத்துல மறுபடியும் ஆடலாம், ஆனா ரெண்டாவது நாள்ல இருந்தே முட்டியை மடக்கிப் பழக்கணும், இல்லைன்னா இறுகிடும்னார். மாமாவே பிசியோ, அதனால எங்கிட்டயே ஒப்படைச்சார். அந்த வாரமே அவன் அப்பா வந்து இறங்கினார். அவர் ஊர் கிளப் ஒண்ணு அவன் குணமாகற வரைக்கும் காத்திருக்கத் தயாரா இருந்துச்சு. நாடு மாறத்தான் முடியாது, கிளப் மாறலாம். அது என் புத்திக்கு எட்டவே இல்லை.

“நடக்க ஆரம்பிச்சதும் வர்றேன்பா”ன்னு இவன் சொன்னான். எனக்குப் புரியணும்னு எங்க பாஷையிலேயே சொன்னான்.

நான் முட்டியை மடக்கல. பட்டை போட்டு நீட்டியே வச்சேன். டாக்டர்கிட்ட போற தேதியை ரெண்டு தடவை தள்ளிப் போட்டேன். “அண்ணா, கால் மடங்கவே மாட்டேங்குதே”ன்னு தங்கச்சி பயந்தா. “அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்மா”ன்னேன். என் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

ஏழு மாசம் ஆச்சு. அந்த முட்டி இப்போ பாதிகூட மடங்காது. இனியும் மடங்காதுன்னு என் அனுபவத்துல சொல்றேன். கிளப் வேற ஆளை எடுத்துக்கிச்சு. அவன் அப்பா தலையில கை வச்சு அழுதுட்டு ஊருக்குப் போயிட்டார். போன் வந்தாலும் இவன் இப்போ அதிகம் பேசறதில்லை, சிரிக்கறதும் இல்லை. வீடு அமைதியா இருக்கு.

கால் மடங்காம அவன் கைக்குப் பாதம் எட்டாது பாருங்க, காலையில சாக்ஸ் மாட்டி விடறது நான்தான். “நீங்க மட்டும் இல்லைன்னா என் கதி என்ன மாமா”ங்கறான். தங்கமான பையன். நீங்க என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க, ஆனா அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கலைன்னு மட்டும் எழுதிக்கோங்க.