ஊசி தெரியாத குழாய்

— ஜலால் பாய், எதுக்கு மைக்ராஸ்கோப் மேல தலைய முட்டிக்கறீங்க?

— முட்டட்டும் அமுதா. உள்ள எதுவும் இல்ல, அடிபடாது.

— மின் நிலையத்துலேர்ந்து வந்த நீராவிக் குழாய்த் துண்டுதான இது? நேத்தே பாத்து முடிச்சிட்டீங்களே.

— முடிச்சேன். உலையில ஒழுங்கா சூடேத்தி ஆற வெச்ச குழாய்னா உள்ள ஊசி ஊசியா தெரியணும், ஒண்ணையும் காணோம், எப்ப வேணா வெடிக்கும், நிறுத்துங்கன்னு அந்த நிலையத்து பிரேம்குமாருக்கு போன் போட்டேன். பெரிய டாக்டர் கணக்கா.

— அவரும் நிறுத்திட்டாரே.

— அதான் தப்பாப் போச்சு. துண்ட வெட்டறப்ப நான் தண்ணி விடல.

— என்ன பாய் சொல்றீங்க?

— மிஷின்ல பம்பு ஓடல. என் கூட்டாளி சுப்ரமணி வீராம்பட்டினம் தேருக்குக் கூப்பிட்டிருந்தான். கூழு, கருவாட்டுக் கொழம்பு. ஆறிடுமேன்னு சும்மாவே வெட்டிட்டு ஓடினேன்.

— ‘தண்ணி விடாமல் வெட்டாதே’ன்னு செவுத்துல எழுதி ஒட்டினது யாரு?

— நான்தான். கையெழுத்து நல்லா இருக்குல்ல?

— வெட்டுற சூட்டுலயே மேல்பக்கம் கெட்டு, ஊசி அழிஞ்சிருக்குமே.

— ஆமா. குழாய் பட்ட சூட்டைப் படிக்கறேன்னு உக்காந்து, நான் போட்ட சூட்டைப் படிச்சிருக்கேன். தோசையக் கருக்கிட்டு மாவைத் திட்டின ஆளு நானு.

— இப்ப என்ன பண்ணப் போறீங்க?

— குழாய் நல்லாத்தான் இருக்கு, பாத்தவன்தான் சரியில்ல, ஓட்டுங்கன்னு சொல்லிடறேன். மானம் போனா போவட்டும்.

— இருங்க. நல்லா இருக்குன்னு யாரு சொன்னா? துண்டைக் குடுங்க. தண்ணி விட்டுத் தேய்ச்சா கருகினது போயிடும், உள்ள இருக்கறது தெரியும்.

— நீ தேய். நான் போன் போடறேன்... எடுக்க மாட்றாரு. என் நம்பரப் பாத்தாலே எரியுது போல.

— ஆத்திரப்படாதீங்க பாய். தேய்ச்சிட்டேன், ஊசி கண்ணுக்குத் தெரிய ஆசிட் தடவணும்.

— நீ தடவு. திட்டு வாங்கறதுக்கும் லைன் கிடைக்க மாட்டேங்குது பாரு... ஆங், ஹலோ, பிரேம்குமார் சார்! ஜலால் பேசறேன். அது வந்து, ஒரு முட்டாள்தனம் ஆயிப்போச்சு. முட்டாள் நான்தான் சார், வேற யாரு. என்னது, மேலேர்ந்து ஓட்டச் சொல்லி நெருக்கறாங்களா? ஆளுங்க குழாய்க்குக் கீழதான் நிக்கறாங்களா? கவலைய விடுங்க சார், நீங்க தாராளமா...

— பாய், ஓட்ட வேணாம்னு சொல்லுங்க. நீங்க கெடுத்தது மேல மயிரிழை அளவுதான். உள்ள எவ்வளவு தேய்ச்சுப் பாத்தாலும் ஒரு ஊசி இல்ல.