முப்பத்தேழாவது இடம்

எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. உங்களுக்கே தெரியும், பஞ்சநதம் சார். தஞ்சாவூரில் நீங்கள் கம்பெனி தொடங்கிய அன்றே, வாசல் போர்டில் 'மென்பொருள்' என்பதில் ஒரு புள்ளி விடுபட்டிருப்பதைச் சொன்னவள் நான். மேனுவல் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ரைஸ் மில்களில் நெல்லைக் காய வைக்கும் டிரையரை ஓட்டுகிறது நம் புரோகிராம். அழுத்துவதற்குப் பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்து, பின்னால் இரண்டு கோடு போட்டு, தமிழ் எழுத்திலேயே ஒரு சொல்லும் ஒரு எண்ணும் தர வேண்டும். 'வெயிட் 30' என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே சூட்டை நிறுத்தி, முப்பது நிமிஷம் நெல்லை ஆறவிடும். ஆறவிடாமல் காய்ச்சினால் மணி உள்ளுக்குள் கீறல் விட்டுவிடும். அரைத்தால் அரிசி வராது, நொய்தான் வரும்.

சில மில்களில் 'வெயிட்' என்றால் எடை என்று நினைத்து, எத்தனை டன் நெல் என்பதை அடித்துவிட்டார்கள். அதனால் புரோகிராம் எழுதும் ஃபஹத் அந்தச் சொல்லை மாற்றினார். ஆறவிடுவதற்கு இனி 'ரெஸ்ட்'. 'வெயிட்' எடைக்கே போய்விட்டது. நியாயமான மாற்றம். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

என் மேஜைக்கு வந்து சொன்னார். “அக்கா, மேனுவல்லயும் மாத்திடுங்க. அவசரமில்ல. அதையெல்லாம் யாரு படிக்கிறா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

தேடிப் பார்த்ததில் முப்பத்தேழு இடம் இருந்தது. மத்தியானத்துக்குள் முப்பத்தாறை மாற்றிவிட்டேன். மிச்சமிருந்தது சீரகச் சம்பா காய வைக்கும் பக்கத்தில் நாலாவது வரி. அதற்கு மேல் வரியில் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்தேன். கீழ் வரியில் ஒற்று சேர்த்தேன். நாலாவது வரியை அப்படியே விட்டேன்.

ஃபஹத் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் ஒன்று சொன்னார், அது சரியா என்று பார்த்தேன். மேனுவலை யாரும் படிக்கவில்லை என்றால் அந்த வரியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏதாவது ஆனால், யாரோ படிக்கிறார்கள் என்று அர்த்தம்.

யார் படிப்பார் என்பது எனக்குத் தெரியும். திருவாரூர்ப் பக்கம் அப்துல் ரஹ்மான் பாய் மில்லில் டிரையர் ஓட்டும் அம்சம் என்கிற அம்மா. எட்டாவது வரை படித்தவர். கட்டளை மனப்பாடமாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு லோடுக்கும் நம் இணையதளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வரிமேல் விரல் வைத்துப் பார்த்துத்தான் அடிப்பார். ஒருமுறை 'பதர்' என்பது 'பாதர்' என்று விழுந்திருப்பதாக போன் செய்து சொன்னார். பதினோரு வருஷத்தில் எனக்கு வந்த ஒரே வாசகர் கடிதம் அதுதான்.

ஃபஹத் இந்த மாற்றத்தை எல்லா ஆபரேட்டர்களுக்கும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். மற்றவர்கள் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். அம்சம் மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

“அந்தத் தம்பி ஏதோ சொல்லுது மேடம். நம்ம புஸ்தகத்துல போட்டிருக்கிறபடி அடிச்சா போதும்தானே?”

“புஸ்தகத்துல உள்ளபடியே செய்ங்க,” என்றேன்.

அவர் செய்தார். டிரையரில் இருந்தது பன்னிரண்டு டன். திரையில் போனது 'வெயிட் 30'. முப்பது டன்னுக்கான சூட்டை மெஷின் நிறுத்தாமல் அதன்மேல் ஊதியது. அரைத்துப் பார்த்தபோது பிரியாணிக்கென்று வைத்திருந்த சீரகச் சம்பா நொய்யாகக் கொட்டியிருக்கிறது. பாய் அதை விற்க மனமில்லாமல் பள்ளிவாசல்களுக்குக் கொடுத்துவிட்டார். இந்த வருஷம் அந்தப் பக்கத்தில் நோன்புக் கஞ்சி ரொம்ப வாசமாக இருந்ததாகக் கேள்வி.

அன்றைக்கே அம்சம் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

“நாலாவது வரியில வெயிட்டுன்னுதானே மேடம் இருந்துச்சு? நான் வேற எதையும் அடிக்கலங்க.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தைத் திறந்தேன். முப்பத்தேழாவது இடத்தை மாற்றிச் சேமித்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“இப்ப பாருங்க. ரெஸ்ட்டுன்னுதானே இருக்கு?”

பக்கத்தை மறுபடி திறந்து, ஒண்ணு, ரெண்டு என்று அவர் வரி எண்ணுவது கேட்டது.

“ஆமாங்க மேடம். என் கண்ணுதான் கோளாறு போல.”

கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று அக்கறையாகச் சொன்னேன். மறுவாரமே கண்ணாடி போட்டுக்கொண்டாராம். இப்போது அவர் டிரையர் பக்கம் போவதில்லை. களத்தில் வெயிலில் நின்று நெல் கிளறுகிறார்.

இது இப்படியே முடிந்திருக்கும். முடிந்ததில் எனக்கும் வருத்தமில்லை. நேற்று நீங்கள் விசாரணை அறிக்கையைப் பிழை திருத்தச் சொல்லி அனுப்பினீர்கள். ஏழு பிழைகள் இருந்தன, திருத்திவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் இருப்பதை என்னால் திருத்த முடியவில்லை. 'ஆபரேட்டர் மேனுவலைப் படிக்காததே காரணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபஹத் அதை உரக்க வாசித்துவிட்டு, “நான்தான் அன்னைக்கே சொன்னேனேக்கா,” என்றார்.

அது உண்மையில்லை, சார். அந்த வரியைத் தெரிந்தே தப்பாக விட்டது நான். தெரிந்தே அதன்படி செய்யச் சொன்னதும், பிறகு மாற்றி மறைத்ததும் நான். பழைய பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். பாவம், அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

ஆகவே அறிக்கையில், 'ஆபரேட்டர் மேனுவலை ஒரு வரி விடாமல் படித்தார்' என்று மாற்றிவிடுங்கள். பக்கத்திலேயே, எழுதியது ஜெயபாரதி என்றும் போட்டால் நல்லது.