கதவைச் சாத்திப்போட்டுக் காட்டினது

பாரிஸ் லா சப்பலில், கொத்துரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். தோளில் கணினிப் பை போட்டிருந்தவன் சொன்னான்:

"மெஷினே என்ரை பக்கம் நிண்டது மச்சான். நான்தான் என்ரை பக்கம் நிக்கேல்லை."

"என்னடா நடந்தது?"

"திங்கக்கிழமை எங்கடை டேட்டாபேஸ் விழுந்துட்டுது. ஒரே நேரத்திலை எத்தினை பேர் உள்ளுக்கை வரலாமெண்ட அளவை நான்தான் குறைச்சனானாம். அப்பிடியெண்டு ஷெஃப், எங்கடை மேலதிகாரி, எல்லாருக்கும் மெயில் போட்டிட்டான்."

"நீ குறைச்சனியோ?"

"இல்லையடா. கறுப்புத் திரையைத் திறந்து, டேட்டாபேஸ் ஓடுற மூண்டு சேர்வரிட்டையும் செற்றிங்ஸைக் கேட்டுக் கட்டளை அடிச்சன். ரெண்டிலை பழைய அளவு. மற்றதிலை மட்டும் குறைச்சுக் கிடக்கு. மாத்தின ஆளின்ரை பேரும் வந்தது. ஷெஃப்பின்ரை பேர்."

"பிறகென்ன, காட்டவேண்டியதுதானே!"

"காட்டினன். ஆக்களுக்கு முன்னாலை அவன்ரை மானத்தை வாங்கக்கூடாதெண்டு, அவன்ரை அறைக்குப் போய், கதவைச் சாத்திப்போட்டு."

"என்ன சொன்னவன்?"

"மெர்சி எண்டு நன்றி சொன்னான். பின்னேரம் எல்லாத்தையும் பழையபடி ஆக்கி, பேர் கிடந்த பதிவையும் அழிச்சு, என்ரை அக்செஸையும் வெட்டிப்போட்டான். வெள்ளிக்கிழமை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம்."

உள்ளே தகட்டில் கொத்து அடிக்கிற சத்தம். அது ஓய்ந்ததும் மற்றவன் சொன்னான்:

"நல்ல மரியாதைதான் குடுத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை சாட்சிக்கும் அவனையே கூட்டிக்கொண்டு போ."