பேர் பதிக்கப் போட்ட துளை

அக்டோபர் பதினாறு, வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து பத்து. இந்தப் பந்தலில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கிறோம். மேடைக்கு வருமுன் எண்ணினேன். இந்த வருஷம் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தவர்கள் கையைத் தூக்குங்கள்... தூக்குங்கள், பரவாயில்லை... ஒருவரும் இல்லை. நானும் இல்லை.

செவ்வழி டெலிகாமின் நாற்பது வருஷ வரலாற்றைப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதை அழகாகப் பேசி, சால்வையும் வாங்கிவிட்டார்கள். எனக்கு மிச்சம் ஒரு சின்னக் கதைதான். அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

சிவசைலம் ஐயா ஓசூரில் இந்த ஷெட்டைப் போட்டபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்தோம். ராமநாதபுரத்து வெயிலில், ஏசி இல்லாமல் ஓடுகிற எக்ஸ்சேஞ்ச். அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பட்டறையிலிருந்து காலி இரும்புக் கூடு வரும். உள்ளே ஒரு சர்க்யூட் கார்டுகூட ஏறுமுன், பக்கவாட்டில் இரண்டு துளை போட்டு, 'செவ்வழி, ஓசூர்' என்ற பித்தளைத் தகட்டை ரிவெட் அடிப்பார்கள். குங்குமம் வைப்பார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள். பேரைப் போட்டாச்சு, இனி அந்தப் பேருக்குத் தக்கபடி வேலை செய்யணும்... அதுதான் ஐயாவின் கணக்கு.

அப்புறம்? வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் பெட்டி பாதி விலையில் வந்தது. கார்டு செய்கிற பிரிவை மூடினோம். டிசைன் பிரிவை மூடினோம். எல்லாவற்றையும் மூடினோம்... இந்த வழக்கத்தை மட்டும் மூடவில்லை. முழுசாகச் செய்து, சீல் வைத்து, கப்பலில் வந்து இறங்குகிற பெட்டி. அதில் இரண்டு துளை போட்டோம். தகடு அடித்தோம். குங்குமம் வைத்தோம். கைதட்டினோம். அனுப்பினோம்.

போன வாரம், நீர்க்குண்டு எஸ்டேட். பொள்ளாச்சிக்கு மேலே, மலையில் இருக்கிறது. செல்போன் எடுக்காது. எஸ்டேட் ஆஸ்பத்திரி முதல் தொழிலாளர் குடியிருப்பு வரை எல்லாப் போனும் நம் பெட்டி ஒன்றை நம்பித்தான். அது செத்துப்போய் மூன்றாம் நாள் என் மேலாளரும் நானும் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி நர்ஸ் பிலோமினா சிஸ்டர்தான் எங்களைப் பெட்டியிடம் கூட்டிப்போனார். நான் திருகாணிகளைக் கழற்றக் கழற்ற, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே நின்றார். மாசாணி என்று ஒரு பெண், கொழுந்து பறிப்பவள், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தை குறுக்கே கிடந்திருக்கிறது. டவுனுக்குக் கொண்டுபோயே ஆகணும். சிஸ்டர் போனை எடுத்தால்... சத்தமில்லை. மாசாணியின் புருஷன் மழையில், சிக்னல் கிடைக்கிற பாலம் வரைக்கும் ஓடிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். மாசாணி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

சிஸ்டர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு பேருக்கு நிறைமாசம், அதனால் சீக்கிரம் சரிபண்ணிக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான்.

மூடியைத் திறந்தேன்.

இஞ்சினியர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். காலிக் கூட்டில் துளை போட்டால் இரும்புத் தூள் எங்கே விழும்? தரையில். கார்டெல்லாம் ஏறி, நிறைந்திருக்கிற பெட்டியில் போட்டால்? ... சொல்லுங்கள் ... ஏன் தலையைக் குனிகிறீர்கள்?

நம் தகட்டுக்கு நேர் பின்னால், கார்டின்மேல், இரும்புத் தூள். ஃபேன் காற்று அதை நாளுக்கு நாள் நகர்த்தி, ஈரம் சேர்ந்த ஒரு நாளில் ஷார்ட் ஆகிவிட்டது. கரிந்த இடம் தெளிவாகத் தெரிந்தது.

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஏன் சார், உங்க கம்பெனில வெளக்கமாறு வாங்கற வழக்கமே இல்லையா?"

என் மேலாளர் சொன்னார், "மின்னல் சிஸ்டர். மழைக்காலம் பாருங்க."

"மின்னலா? அது என்ன சார்... ஊரெல்லாம் விட்டுட்டு உங்க பேர் போர்டுக்குப் பின்னாடி மட்டும் தேடிவந்து விழுந்துருக்கு?"

மேலாளர் கரிந்த பெட்டியைக் கழற்றச் சொன்னார்.

கொண்டுபோன மாற்றுப் பெட்டியை வைத்தோம். அதன் பக்கத்திலும் தகடு மின்னியது. அதைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். சீலை உடைத்தால் வாரண்டி போய்விடும் என்றார் மேலாளர். துளை போட்டபோது போகாத வாரண்டி! திறக்காமலே மலை இறங்கினோம். ரிப்போர்ட்டில் 'மின்னல்' என்று இருக்கிறது.

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். அவர் ஒருவர் வாயால் நாம் எல்லாரும் சொன்ன பொய் அது.

இந்தக் கதையை ஏன் இந்த விழாவில் சொல்கிறேன்? அந்தப் பெட்டியில் நாம் செய்த வேலை ஒன்றே ஒன்று... நம் பேரைப் பதித்தது. அந்த ஒரே வேலைதான் அதைக் கெடுத்தது. ஆம்புலன்ஸ் முன்னாலேயே வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா? தெரியாது. அந்தத் தாய் ஆயுசுக்கும் கேட்டுக்கொள்ளப்போகிற கேள்வியை அவளுக்குக் கொடுத்தது நாம். ஐயா பேரை முதலில் போட்டது பொறுப்பை முதலில் ஏற்பதற்கு. நாம் பொறுப்பைக் கழற்றிவிட்டோம், தகட்டை வைத்துக்கொண்டோம். நாற்பது வருஷப் பெருமை என்று இங்கே கைதட்டினீர்களே... எனக்கு அந்தச் சத்தம் கூசியது.

என்ன பேசி என்ன? நான் செய்யப்போவது இது:

1. இந்த மேடையை விட்டு இறங்கியதும் பொள்ளாச்சி பஸ். நாளைக்கு நீர்க்குண்டில் அந்த மாற்றுப் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்வேன். வாரண்டியைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

2. பேக்கிங் பிரிவின் டிரில் மெஷின் என் பையில் இருக்கிறது. தேட வேண்டாம்.

3. திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் 'மின்னல்' என்பதை அடித்து, நடந்ததை எழுதி, என் கையெழுத்தைப் போடுவேன். அதற்குள், வெளியே போன மற்றப் பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சேல்ஸ்காரர்கள் எடுத்து வையுங்கள், எல்லாவற்றையும் திறக்கணும்.

4. மாசாணி வீட்டுக்குப் போவேன். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. எந்தக் கம்பெனி என்று அவள் கேட்டால்... நம் பேரைச் சொல்வேன். தகடு இல்லாமல், வாயால்.