பதினோராவது தளத்துக்கு ஓர் ஆள்

யாரும் உட்காரப் போகாத நாற்காலியையும் மனிதர்கள் செய்வார்கள் என்பது, காக்களூரில் வேலை பார்த்தவரை எனக்குத் தெரியாது. அங்கே பள்ளிக்கூட பெஞ்சு செய்தோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் மேடம். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதினால் மேற்படி, மேற்கண்ட என்று போட்டு, நான் செய்ததை வேறு யாரோ செய்தது போல ஆக்கிவிடுவார். என் பெயர் ஏஞ்சலின். பி.எஸ்ஸி. வேதியியல். எங்கள் காலனியில் முதல் பட்டதாரி. அப்பா தானியேல் அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தார், பிறகு அதே வயலில் எழுந்த கம்பெனியில் இரும்பு சுமந்தார். எனக்கு எங்கள் கம்பெனியில் தரப் பரிசோதனையும் தொழிலாளர் பாதுகாப்பும். இரண்டு வேலை, ஓர் ஆள்.

இத்தாலியில் ஒரு சொகுசுக் கப்பல் கட்டினார்கள். அதன் பதினோராவது தளத்தில், இத்தாலிய வடிவமைப்புக்கென்றே ஓர் அருங்காட்சியகம். விளக்கு, காபிக் கெட்டில், தட்டச்சுப் பொறி, நாற்காலி. அசலை உப்புக் காற்றுக்கு அனுப்ப முடியாத பெரிய சாமான்களுக்கு எங்கள் கம்பெனியிடம் நகல் கேட்டார்கள். நாற்பத்திரண்டு நகல். ஒவ்வொன்றையும் யார் வரைந்தார், எந்த வருஷம், ஏன் கால் அப்படி வளைந்திருக்கிறது என்று ஆறு மாதம் படித்துக் கோப்பு தயாரித்தவள் நான். அந்த அறையைப் பார்க்காமலே, எந்தச் சுவரோரம் எது நிற்கும் என்று சொல்வேன். வாழ்க்கையில் நான் போக ஆசைப்பட்ட இடம் அது ஒன்றுதான்.

பெயின்ட் அடித்தவள் ஷைனி. எங்கள் காலனிதான். என்னைவிட நாலு வயது சின்னவள், பத்தாவதோடு நின்றவள். ஆனால் அவள் கைக்குப் பெயின்ட் கட்டுப்படும். அடித்து முடித்தால் கண்ணாடி மாதிரி முகம் தெரியும். சிவப்பு நாற்காலியைப் பார்த்து, "இன்னாக்கா இது, எங்கம்மா குந்துனா ரெண்டா பூடும்" என்று சிரிப்பாள். அவளுக்கு அது அவ்வளவுதான்.

பிப்ரவரியில் இத்தாலிக்கார அம்மா ஒருவர் வேலையைப் பார்க்க வந்தார். என் கோப்பைப் பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைத் தடவி, இதை அடித்தது யார் என்று கேட்டார். கப்பலில் பொருத்தும்போது கீறல் விழும், சரி செய்ய இந்தப் பெண்ணே வரட்டும் என்றார். என்னை மாற்று ஆளாகப் போட்டு எனக்கும் விசா வாங்கினார்கள். என்னையும் கப்பலுக்கு அனுப்புங்கள் என்று மேனேஜர் துளசிராமனிடம் போய்க் கேட்டேன்.

"உனுக்கு எதுக்குமா கப்பலு? படிச்ச பொண்ணு, பேப்பரப் பாத்துக்கினு இங்க இரு. அங்க கை வேலைதான்" என்றார்.

என் அப்பாவைப் படிக்கவில்லை என்று வெளியே நிறுத்தினார்கள். என்னைப் படித்துவிட்டாள் என்று.

மார்ச்சில் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. குழாயில் ஊதிப் பார்க்கிற நுரையீரல் சோதனை. ஷைனியின் அளவு, இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. பெயின்ட் இறுகுவதற்குக் கலக்கிற ஹார்ட்னர் சில பேர் மூச்சுக்கு ஆகாது. ஒரு தரம் ஆகாமல் போனால், பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆபத்து. ஸ்பிரே ரூம் பக்கமே விடக்கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். பாதுகாப்பு என் பொறுப்பு என்பதால் அந்தக் காகிதம் என்னிடம் வந்தது. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மேல குடுத்துடாதக்கா. கப்பலு பூடும். வந்து பாத்துக்கலாம், இப்ப இன்னா செத்தா பூட்டேன்" என்றாள்.

நான் கொடுக்கவில்லை. அவள் கேட்டாள், செய்தேன். இதுவரை நடந்ததை உதவி என்றுகூட நீங்கள் எழுதலாம்.

அந்தக் காகிதத்தைக் கொடுத்திருந்தாலே அவள் பயணம் நின்று நான் போயிருப்பேனே என்று கேட்பீர்கள். யோசித்தேன் மேடம். கொடுத்திருந்தால் காலனி முழுக்க என்ன பேசுவார்கள்? படித்தவள் வயிற்றெரிச்சலில் கவிழ்த்துவிட்டாள் என்பார்கள். எனக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கிறது. உடம்பு தானாகப் படுத்துக்கொண்டால் யாரும் எதுவும் பேச முடியாது.

ஸ்பிரே ரூம் மாஸ்க்கில் இரண்டு பக்கமும் கரி அடைத்த ஃபில்டர் இருக்கும். நான் வேலைக்கு வந்தபோது, பழைய ஃபில்டரில் கம்ப்ரஸர் காற்று அடித்து, புதுசாகிவிட்டது என்று திரும்ப மாட்டிக்கொள்வார்கள். தூசிதான் போகும். கரி குடித்த விஷம் கரியோடுதான் இருக்கும், அதற்கு மேல் குடிக்க அதற்குத் தெம்பு இருக்காது. இதைப் போர்டில் வரைந்து காட்டி அந்தப் பழக்கத்தை நிறுத்தியவள் நான். அன்றைக்குக் கைதட்டியவள் ஷைனி.

பயணத்துக்குப் பத்து நாள் இருந்தது. விமானத்தில் அனுப்ப வேண்டிய கடைசி நாலு நாற்காலிகள் பாக்கி. குப்பை டிரம்மில் இருந்து பழைய ஃபில்டர் ஒரு ஜோடி எடுத்தேன். நானே காற்று அடித்தேன், துடைத்தேன், புது உறையில் போட்டு ஒட்டினேன். அவள் கையில் கொடுத்தேன்.

"எல்லாருக்கும் திங்கக்கெழமதான புதுசு தர்றாங்க, எனக்கு மட்டும் இன்னாக்கா நடுவுல?"

"உனக்கு மூச்சு சரியில்லன்னுதான்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேங்க்ஸ்க்கா என்றாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்பிரே ரூமுக்குள் போனவள், கால் மணி நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாள். வேனில் ஏற்றும்போது உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டார்கள். துளசிராமன் என்னைக் கூப்பிட்டு, நீ போறியாம்மா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் சரி என்றேன்.

கப்பலில் அந்த அறை நான் படித்த மாதிரியே இருந்தது. ஒரே ஒரு விளக்கை மட்டும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். நாற்காலிகளில் கீறல்கள் இருந்தன, சரி செய்தேன். நான் அடித்த இடம் திட்டாகத் தெரிந்தது. அந்தப் பெண் வரவில்லையா என்று இத்தாலிக்கார அம்மா கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். மத்தியானம் ஷைனியின் அம்மா மெர்சி போன் செய்தார். "பூட்டா ஏஞ்சலு, எம் பொண்ணு பூட்டா" என்றார். வைத்துவிட்டு மீதி இருந்த பதினோரு நாற்காலிகளையும் முடித்தேன். வேலையைப் பாதியில் விட்டால் நம்ம ஆட்கள் இப்படித்தான் என்பார்கள்.

திரும்பி வந்தால், பழைய ஃபில்டர் கொடுத்தார் என்று ஸ்டோர் கீப்பர் அன்புசெல்வனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். அவர் ஸ்டாக் புத்தகத்தில் எழுதியது எல்லாம் சரி. எங்கள் ஜனத்தில் ஒருவர் செய்யாத தப்புக்கு உள்ளே போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

காகிதத்தை மறைத்தது நான். ஃபில்டரைக் கொடுத்தது நான். அது மூச்சை நிறுத்தலாம் என்று படித்திருந்ததும் நான்தான். இவ்வளவையும் ஒத்துக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். கொலை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் மேடம். நான் அவளை ஒரு வாரம் படுக்க வைத்தேன். அவள்தான் எழுந்திருக்கவில்லை.