கண்ணாடிப் பெட்டியை உடைத்துச் சாலம்மாளின் கையை எடுத்தது தொடர்பாக

10.10.2025 வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு மனு விசாரணைக்காகக் காவல் நிலையத்தில் ஆஜராகி, பெண் காவலர் நிர்மலாதேவி உடனிருக்க, உதவி ஆய்வாளர் அவர்களிடம் கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயர் எழிலரசி. வயது 32. தகப்பனார் பெயர் சென்றாயன். மொரப்பூர் ரயிலடிக்குப் பின்புறம் மேட்டுத் தெருவில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். புகாரில் கண்ட தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் துறையில் ஆறு வருடமாக உதவிப் பேராசிரியராக வேலை பார்த்து வருகிறேன். கல்லூரிக்குச் சொந்தமான செயற்கைக் கை ஒன்றை நான் திருடிவிட்டதாகத் தாளாளர் மதியழகன் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கண்ணாடியை உடைத்தது நான்தான். கையை எடுத்ததும் நான்தான். அதை யாரிடமிருந்து எடுத்து யாரிடம் கொடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சாலம்மாள், வயது 43, ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை வைத்திருப்பவர். ஐந்து வருடத்துக்கு முன் கரும்புச் சாறு பிழியும் மிஷினில் அவருடைய வலது கை மாட்டி, முழங்கைக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. கடந்த பிப்ரவரி மாதம் நான் வடிவமைத்த மின்கையை அவருக்குப் பொருத்தினோம்.

அது ரோபோ கையா என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். இல்லை. கடையில் விற்கும் மின்கையில் திற, மூடு என்று நாலைந்து கட்டளைகளை முன்னாலேயே எழுதி வைத்திருப்பார்கள். என்னுடைய மின்சுற்றில் எதுவும் எழுதப்படவில்லை. மூளையில் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று துடிப்பு அனுப்புவதுபோல இந்தச் சிப்பிலும் இருநூற்றுச் சொச்சம் மின் நரம்பணுக்கள் துடிப்பு அனுப்பிக்கொள்ளும். மிச்சமிருக்கும் கைத்தசையில் ஓடும் சிறு மின்சாரத்தை ஆறு உலோகப் பொத்தான்கள் பிடித்துக் கொடுக்கும். அடிக்கடி பயன்படுகிற இணைப்பு பலப்படும், பயன்படாதது தேய்ந்துபோகும். ஆள் நடந்தால் ஒற்றையடிப் பாதை, நடக்காவிட்டால் புல், அவ்வளவுதான். இதற்காக நான்கு வருடம் உழைத்தேன். முதல் இரண்டு சிப்புகள் வேலை செய்யவில்லை. மூன்றாவதுதான் இது.

முதல் மாதம் விரல் அசையவே இல்லை. அதன்பிறகு சாலம்மாள் விடாமல் தினமும் கடையில் அதை மாட்டிக்கொண்டே வேலை செய்ததில், ஜூன் மாதம் தட்டைப் பிடித்தது, ஆகஸ்டில் கெளுத்தி மீனைப் பிடித்தது. மீன் வழுக்கினால் அவர் நினைப்பதற்குள் பிடி இறுகும். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கைக்கு மீனைச் சொல்லிக் கொடுத்தவர் சாலம்மாள்.

என் தவறையும் எழுதிக்கொள்ளுங்கள். கற்றதை நகல் எடுத்து வைக்க நான் வழி வைக்கவில்லை. மோட்டாருக்கும் சிப்புக்கும் ஒரே சுவிட்ச். மின்சாரம் நின்ற நொடியிலேயே கற்றதெல்லாம் அழிந்துபோகும். கற்பதை நிறுத்தும் வசதியும் அதில் கிடையாது, யார் மாட்டினாலும் அவரைக் கற்க ஆரம்பித்துவிடும். ஒருத்தர் கையைக் கழற்றி இன்னொருத்தர் மாட்டிப் பார்ப்பார் என்று எந்த மடையனுக்குத் தோன்றும்?

01.10.2025 புதன்கிழமை கல்லூரியில் ஆயுத பூஜை நடந்தது. அந்தக் கையையும் பூஜையில் வைக்க வேண்டும் என்று தாளாளர் சொல்லி அனுப்பியதால் சாலம்மாள் பஸ் பிடித்து வந்தார். கையைக் கழற்றி, கருவிகளோடு வாழையிலையில் வைத்து, விரல்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். உலோகப் பொத்தான்களில் மட்டும் வைக்கவேண்டாம் என்று நான் தடுத்து, சார்ஜரை மாட்டிவிட்டேன். பூஜை முடிந்ததும் சாலம்மாள் கையை எடுக்கப் போனபோது தாளாளர், "சாமிக்கு வச்ச ஆயுதத்த அன்னிக்கே எடுக்கக் கூடாதும்மா. காலையில மறுபூசை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிட்டுப் போ" என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பூஜையில் வைத்த அரிவாளை அன்று யாரும் தொட மாட்டார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மறுநாள் காந்தி ஜெயந்தி, மீன் கடையும் போட முடியாது. ஆகவே நானும் தலையாட்டினேன். அவர் சேலைத் தலைப்பால் கை முனையை மூடிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவர் வந்துவிட்டார். அதற்குள் கை, மாட்டிய சார்ஜரோடு முன்கூடத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. பூட்டும் தொங்கியது. கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு திங்கட்கிழமை வருவதாகவும், அதுவரை கை அங்கேதான் இருக்கும் என்றும் ஆய்வக உதவியாளர் கருப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பூஜை என்று சொல்லி வாங்கினார்களே, அந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது! நான் தாளாளர் அறைக்குப் போய்க் கேட்டேன். "அது காலேஜ் ப்ராபர்ட்டிம்மா. ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க இல்ல, படிச்சுப் பாருங்க" என்றார். கருவி கல்லூரியின் உடைமை என்று அந்தப் படிவத்தில் இருப்பது உண்மை. அதைத் தட்டச்சு செய்ததே நான்தான்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒகேனக்கல்லில் விடுமுறைக் கூட்டம். சாலம்மாள் ஒற்றைக் கையோடு கடை போட முடியாமல் அடுப்பை மூட்டவே இல்லை. தினமும் எனக்குப் போன் செய்தார். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் புளுகினேன்.

அதன்பிறகு 06.10.2025 திங்கட்கிழமை குழு வந்தது. நான் சுற்றை விளக்கிக்கொண்டிருக்கும்போதே தாளாளர் பெட்டியைத் திறந்து, கையை எடுத்து, தன் முழங்கைக்குக் கீழே பொத்தான்கள் படும்படி பட்டையைக் கட்டிக்கொண்டார். வேண்டாம் சார், மாட்டினால் சாலம்மாள் சொல்லிக் கொடுத்தது அழிந்துவிடும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவர் சிரித்தார். அவருக்குப் பின் ஒருவர், அதன்பிறகு இன்னொருவர் என்று பதினொரு பேர் மாட்டினார்கள். எண்ணிக்கொண்டே நின்றேன். ஒருவர் முஷ்டியை மடக்கி மடக்கிக் காட்டி, இன்னொருவர் அதோடு கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஆறேழு மாதம் அந்த அம்மாள் அடுப்பங்கரையில் வெந்து சொல்லிக் கொடுத்ததை, ஏதோ பொருட்காட்சி பொம்மை மாதிரி ஒரு மணி நேரத்தில் மிதித்துத் துவைத்தார்கள்.

பிற்பகல் 1.40 மணிக்கு, கையை மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அவர்கள் சாப்பிடப் போன பிறகு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றிக் கண்ணாடியில் அடித்தேன். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது அடியில் உடைந்தது. கையைப் பேட்டரியோடு எடுத்துத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வெளியே வந்து பஸ் ஏறினேன். யாரும் எனக்கு உதவவில்லை. கருப்பண்ணன் அப்போது அங்கே இல்லை.

சுமார் நாலரை மணிக்கு ஒகேனக்கல் போய்ச் சேர்ந்து, கடையிலேயே சாலம்மாளுக்குக் கையை மாட்டினேன். அவர் ஒரு கெளுத்தியைப் பிடிக்கப் போனார், விரல்கள் விரிந்தன. மீண்டும் முயன்றார், மீன் கீழே விழுந்தது. அவர் என்னைப் பார்த்து, "இது என் கை இல்லீங்க மேடம். வேற யாரு கையவோ கொண்டாந்து மாட்டிட்டீங்க" என்றார். அதன்பிறகு அவர் பட்டையைச் சரி செய்யப் போனபோது அந்தக் கை அவருடைய இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்து இறுக்கியது. விடச் சொல்ல விடச் சொல்ல இன்னும் இறுகியது. சுவிட்சை அணைத்தால் விரல் தளர்ந்துவிடும், ஆனால் சிப்பில் மிச்சமிருப்பதும் போய்விடும். நான் சுவிட்சில் கை வைத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பொறுத்துக்கறேங்க, ஆஃப் பண்ணாதீங்க" என்றார். வறுவல் கரண்டியின் காம்பை விட்டு நெம்பித்தான் விரலை எடுத்தோம். நகம் கறுத்துப் போயிருந்தது.

அன்று முதல் நான் விடுப்பில் அவருடனேயே இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மீனைப் பிடிப்பதும் விடுவதுமாக அவர் உட்கார்ந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. நேற்று பத்துத் தடவையில் மூன்று தடவை பிடித்தது. அழியாமல் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது. இல்லாவிட்டால் மூன்று நாளில் இது வராது.

வழக்குப் பதிவு செய்தால் கையைக் கைப்பற்றிச் சொத்து அறையில் வைக்க வேண்டியிருக்கும் என்று உதவி ஆய்வாளர் அவர்கள் தெரிவித்தார்கள். பேட்டரி இரண்டு நாள்தான் தாங்கும். மூன்றாம் நாள் உங்கள் அலமாரியில் இருக்கப்போவது இரும்பும் பிளாஸ்டிக்கும் மட்டுமே. கண்ணாடிக்கு நான் பொறுப்பு. என்மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், வேலையை விட்டுத் தூக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. கையை மட்டும் தொடாதீர்கள்.

அப்படியும் கைப்பற்றத்தான் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, கடையில் கூட்டம் நிற்கும்போது வாருங்கள். புகார் கொடுத்த தாளாளரையும் கூட்டி வாருங்கள். அந்த அம்மாளின் முழங்கையிலிருந்து பட்டையை அவரே தன் கையால் அவிழ்க்கட்டும். பறிமுதல் மகஜரில் "சாலம்மாளின் வலது கை, ஒன்று" என்று எழுதுங்கள். சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன்.

மேலே உள்ளதை முழுவதும் படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடி சரியாக உள்ளது, அத்தனையும் உண்மை. கடைசியில் "நடந்த செயலுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்" என்றிருந்த ஒரு வரி நான் சொல்லாதது. அதை அடிக்கச் சொல்லி, அடித்ததைப் பார்த்த பிறகு கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) செ. எழிலரசி
10.10.2025

என் முன்னிலையில்,
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்