பதினேழாம் கேள்விக்கு விடை ஒன்று

ஒன்று என்று சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு போட்டோம். தெரிந்த பிறகும் திருத்த மறுத்தோம். இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வது என்று வந்திருக்கிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கும் சபாபதி அவர்களே, முன்வரிசை மூத்தோரே, ஆலை வேலை முடிந்த கையோடு களைப்பைக் காட்டாமல் வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் செல்லப்பனின் வணக்கம்.

நம் சங்கம் நடத்திய கணிதப் போட்டியின் பதினேழாம் கேள்வி இது: a அடுக்கு ஐந்தை a அடுக்கு ஐந்தால் வகுத்துச் சுருக்குக, a சுழியம் அல்ல. வகுக்கும்போது அடுக்குகளைக் கழிக்கிறோம். ஐந்தில் ஐந்து போனால் a அடுக்கு சுழியம். அதன் மதிப்பு ஒன்று. இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் கஸ்தூரி அப்படித்தான் எழுதினாள். நம் விடைக்குறிப்பு சுழியம் என்றது. அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு முதலிடம் போனது. அதோடு, வரும் சனிக்கிழமை யோங் பெங் ஊரில் தொடங்கும் ஓராண்டு இலவச வகுப்பின் ஒரே இடமும் போனது.

கேள்வி தயாரித்த ரூபேந்திரனை ஷாநவாஸின் சாப்பாட்டுக் கடையில் பிடித்தேன்.

"மேலயும் கீழயும் வெட்டிட்டா மிச்சம் என்னா இருக்கு ஐயா? கோசோங், சைபர் தானே?"

நான் கடைக்காரரைக் கேட்டேன். "தம்பி, அஞ்சு ரொட்டி, அஞ்சு பேரு. ஆளுக்கு எத்தன?"

"ஒண்ணுண்ணே. கோசோங்னா நான் கடைய மூடிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போலாம்."

சிரிக்கிறீர்கள். ரூபேந்திரனும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: "சரிதான் ஐயா. ஆனா ரிசல்ட்டு அறிவிச்சாச்சு. ஒரு மார்க்குக்குப் போய் பெருசாக்காதீங்க லா."

தவறுவது குற்றமா? இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். தறி ஆலைக்குப் போகும் பேருந்தில், யாரோ வீசிய பழைய பாடப் புத்தகத்தை வைத்துக் கணிதம் கற்றேன். ஏழு மாதம் நானும் சுழியம் என்றே எழுதினேன். தெரிந்த அன்றே திருத்தினேன். தெரிந்தும் திருத்தாதது எதில் சேரும்? இதைக் கேட்டுச் சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பின்னால் யாரோ, "உக்காருங்க பெருசு" என்கிறீர்கள். உட்காருகிறேன் ஐயா, முழங்காலும் அதைத்தான் கேட்கிறது. இதை மட்டும் கேளுங்கள்.

சென்ற வாரம் கஸ்தூரியின் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தேன். அடுக்கு சுழியம் வந்த இடத்திலெல்லாம் ஒன்றை அழித்துச் சுழியம் போட்டிருக்கிறாள். தாள் தேயத் தேய அழித்திருக்கிறாள். "ஏம்மா, ஒண்ணுதான் சரின்னு சொன்னேனே?" என்றேன்.

"மேடையில உள்ளவங்க எல்லாம் படிச்சவங்க தாத்தா. நீங்கதான் தப்பா இருப்பீங்க."

ஊரே சுழியம் என்னும்போது ஒற்றைக் கிழவனின் ஒன்று யார் காதில் ஏறும்? இடம் போனால் இன்னோர் ஆண்டு வரும். சரியை அழிக்கக் கற்ற கை திரும்ப வருமா?

மணி அடிக்கிறார்கள். முடிக்கிறேன். நடக்கும் என்ற நம்பிக்கையில் சொல்லவில்லை. சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை.

தலைவர் சபாபதி இதே ஒலிவாங்கியில், இன்றே, விடை ஒன்று என்று அறிவிக்க வேண்டும். ரூபேந்திரன் விடைக்குறிப்பைத் தம் கையால் திருத்திக் கையெழுத்திட வேண்டும். செயலாளர் சனிக்கிழமைக்குள் யோங் பெங் வகுப்பில் இன்னொரு நாற்காலி கேட்டு வாங்க வேண்டும். சுழியம் என்று எழுதி முதலிடம் பெற்ற வசந்தனை அந்த வகுப்பிலிருந்து எழுப்பக் கூடாது, தவறாகக் கற்பிக்கப்பட்ட அவனும் நம் பிள்ளை. தாய்மார்கள் வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் புத்தகத்தில் அடுக்கு சுழியம் வரும் வரியைத் தேட வேண்டும். எனக்கு வைத்திருக்கும் பொன்னாடையை, இவை நடக்கும்வரை, மடித்தே வைத்திருக்க வேண்டும்.

கஸ்தூரி, நீ அந்த அழிப்பானைக் கீழே வைக்க வேண்டும், அம்மா.

கேட்டவர்களுக்கும் மணி அடித்தவருக்கும் நன்றி. வணக்கம்.